தகட்டில் 20 டன், கணக்கில் 14: எங்கள் பழைய விறகு பிளக்கும் இயந்திரம்

இயந்திரத்தை வண்டியிலிருந்து இறக்கிய அன்றே, "வர்ணத்தைச் சுரண்டிவிடாதே, அதுதான் இதைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது" என்றான் தம்பி. பாதி பச்சை, பாதி துரு. எங்களுக்கு முன்பே இரண்டு கைகள் மாறியிருந்தது. ஆறு வருடங்களாக எங்கள் விறகுக்கடையில் ஓடுகிறது. அதன் லீவரைப் பெரும்பாலும் பிடிப்பவள் நான். தம்பி ரம்பத்தில் நிற்பான், அம்மா எடையும் கணக்கும் பார்ப்பாள். 71 வயதாகும் அப்பா ஒரு வேலையும் செய்யக்கூடாது என்று நாங்கள் மூவரும் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறோம். அவர் எல்லா வேலையும் செய்கிறார்.

புதிய இயந்திரத்தை ஒரு மதியம் ஓட்டிப் பார்த்துவிட்டு நட்சத்திரம் போடுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது, எவனோ ஒருவன் கொட்டகையின் மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கும் பழைய இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று இரவெல்லாம் புரள்பவர்களுக்காக. தயாரித்தவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறை சொல்லப்போகிறேன், பதில் சொல்ல அவர் இங்கே இல்லை.

அமைப்பு எளிது. படுத்த நிலையில் ஓர் இரும்பு உத்திரம். ஒரு முனையில் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் சிலிண்டர், மறுமுனையில் அசையாத ஆப்பு. நடுவில் கட்டையை வைத்து லீவரைத் தள்ளினால், சிலிண்டரின் தண்டு நீண்டு வந்து கட்டையை ஆப்பின்மேல் அழுத்தும். கோடாலி கோபத்தில் செய்வதை இது நிதானமாகச் செய்கிறது.

உத்திரத்தின் பக்கவாட்டில் ஒரு பித்தளைத் தகடு. அதில் '20 டன்' என்று பொறித்திருக்கிறது. விற்றவர் இயந்திரத்தில் வேறு எதையும் துடைக்கவில்லை, அந்தத் தகட்டை மட்டும் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார். முதல் வாரத்திலேயே ஒரு கணுக்கட்டை ஆப்பில் பாதி ஏறியபின் நகரமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. பட்டறையிலிருந்து அழுத்தமானி ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்தினோம். தண்டு முட்டி நிற்கும்போது முள் 175-ஐக் காட்டியது. அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 175 கிலோ. சிலிண்டரின் உள்விட்டம் 100 மில்லிமீட்டர், அதன் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 13,700 கிலோ சொச்சம். தாராளமாகச் சொன்னால் 14 டன். 20 டன் வேண்டுமானால் அழுத்தம் 255 வரை ஏறவேண்டும். வயதான ஹோஸ்களையும் (எண்ணெய் ஓடும் ரப்பர் குழாய்கள்) பம்பையும் வைத்துக்கொண்டு அதைச் சோதிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. தம்பிக்கு இருந்தது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வின் திருகைக் கொஞ்சம் இறுக்கினால் போதும் என்று ஸ்பேனரோடு வந்து நின்றான். அப்பா ஒன்றும் பேசாமல் ஸ்பேனரை வாங்கிக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். தம்பி அதற்குப் பிறகு தகட்டில் 20-க்குக் கீழே ஆணியால் 14 என்று கீறி வைத்தான். இன்றும் இருக்கிறது.

இதனால் யாரும் மனம் தளரவேண்டியதில்லை. எங்களிடம் வரும் கட்டைகளில் பத்துக்கு ஒன்பதை அந்த 14 டன் பிளந்துவிடுகிறது. ஆனால் வாங்கப் போகிறவர் டன் கணக்கைக் கேட்காதீர்கள்; சிலிண்டரின் உள்விட்டம் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். பெருக்கல் உங்களுக்கும் தெரியும்.

அடுத்தது வேகம். தண்டின் முழு ஓட்டம் 60 சென்டிமீட்டர். வெறுமனே போக 10 வினாடி, திரும்ப ஏழெட்டு வினாடி. திரும்பும் பக்கத்தில் தண்டே இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் நிரப்ப வேண்டிய எண்ணெய் குறைவு, ஆகவே கொஞ்சம் விரைவாக வந்துவிடும். இதைப் படிக்கும்போது 10 வினாடி என்பது ஒன்றுமில்லாததுபோல் தோன்றும். நாள் முழுதும் லீவரைப் பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள்.

வந்த புதிதில் அப்பா இதனோடு பந்தயம் கட்டினார். நேர்நார் ஓடும் உருட்டுக்கட்டை ஆளுக்கு இருபது. அவர் கோடாலியோடு முளைக்கட்டைமுன் நின்றார், நான் லீவரோடு. கட்டையை நிறுத்தி, அதில் ஏற்கெனவே விழுந்திருக்கும் வெடிப்பைப் பார்த்து, அதே கோட்டில் ஒரே போடு. இரண்டாக விழும். குனிவார், அடுத்ததை நிறுத்துவார். அவர் இருபதையும் முடித்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பியபோது நான் பதின்மூன்றாவது கட்டையில் இருந்தேன். "அம்மாடி, இதற்கு எண்ணெய் வேறு ஊற்றவேண்டுமா?" என்றார். இரண்டாவது சுற்றுக்கு நான் கட்டைகளைத் தேர்ந்தெடுத்தேன்: கவட்டைகள், வேர்முண்டுகள், நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் புளி. முதல் புளியங்கட்டையிலேயே கோடாலி கடித்துக்கொண்டது. அதை விடுவிக்க ஓர் ஆப்பு, அந்த ஆப்பை விடுவிக்க இன்னோர் ஆப்பு. அதற்குள் என் பக்கத்தில் ஒரு சிறு குவியல் சேர்ந்திருந்தது. புளி இயந்திரத்திலும் பிளப்பதில்லை, கிழிகிறது. நாரெல்லாம் பிய்ந்து தொங்க, முனகிக்கொண்டே பிரியும். ஆனால் பிரியும்.

அன்று முதல் எங்கள் வீட்டில் வேலை இரண்டாகப் பிரிந்தது. நேர்நார்க் கட்டை அப்பாவின் கோடாலிக்கு, முரண்டு பிடிப்பதெல்லாம் இயந்திரத்துக்கு. எல்லாவற்றையும் இயந்திரத்தில் கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் டீசலைத்தான் வீணாக்குகிறார்கள்.

வேகத்தைக் கூட்ட ஒரு சின்ன வழி உண்டு. எங்கள் துண்டுகள் 35 சென்டிமீட்டர் நீளம். அதற்குத் தண்டு முழுவதும் திரும்பி வரவேண்டிய தேவையே இல்லை. உத்திரத்தின்மேல் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். தண்டு அந்தக் கோட்டுக்கு வந்ததும் லீவரைத் தட்டி நிறுத்திவிடுவேன். அதேபோல், நல்ல கட்டை ஆப்பு நான்கு விரற்கடை இறங்கியதும் வாய் பிளந்துவிடும். அதற்குமேல் தள்ளுவது சும்மா. இந்த இரண்டையும் கைப்பழக்கமாக்கிக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு நேரம் மிச்சம்.

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன்: பம்ப். இது இரட்டைப் பம்ப். கட்டையைத் தொடும்வரை இரண்டு பகுதிகளும் சேர்ந்து நிமிடத்துக்கு 28 லிட்டர் எண்ணெயைத் தள்ளும். எதிர்ப்பு கூடியதும் பெரிய பகுதி தானாக விலகிக்கொள்ள, சிறியது மட்டும் 7 லிட்டரை முழு அழுத்தத்தில் தள்ளும். அந்த மாற்றத்தைக் காதால் கேட்கலாம். 'ர்ர்ர்' என்று ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் சட்டென்று தடித்துக் கீழே இறங்கும், தண்டு நடை தளர்ந்ததுபோல் மெதுவாகும், சிறிது நேரத்தில் கட்டைக்குள் 'மடக்' என்று ஓர் ஒலி. உடனே சத்தம் மறுபடி மெலிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டே எந்தக் கட்டை எங்கே பிளக்கிறது என்று சொல்லிவிடுவேன். இதன் பயன் என்னவென்றால், 28 லிட்டரையும் முழு அழுத்தத்தில் தள்ளவேண்டுமானால் ஏறக்குறைய 11 குதிரைத்திறன் வேண்டும். 7 லிட்டருக்கு 3 கூட வேண்டியதில்லை. ஆகவே சிறிய எஞ்சினே போதுமானது.

எங்களுடையது 6 குதிரைத்திறன் டீசல் எஞ்சின். நிமிடத்துக்கு 650 சுற்றுதான். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் நிறுவனம் 1930-களில் செய்துகொண்டிருந்த மெதுவோட்ட எஞ்சினின் நகல். இருபுறமும் ஆள் உட்காரலாம் போன்ற கனத்த சக்கரங்கள். வால்வைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றவேண்டும். சக்கரம் வேகம் பிடித்ததும் வால்வை விட்டால் 'டுப்... டுப்... டுப்' என்று எழுந்துகொள்ளும். குளிர்விக்கத் தனிப் பம்ப் கிடையாது. பக்கத்தில் ஒரு டிரம் தண்ணீர். சுட்ட நீர் மேலே ஏறுகிறது, ஆறிய நீர் கீழே இறங்குகிறது. கெட்டுப்போக அதில் பொருளே குறைவு. தண்டு கட்டையில் முட்டும் நொடியில் அந்தச் சக்கரங்களின் கனம்தான் எஞ்சினைத் திணறாமல் இழுத்துக்கொண்டு போகிறது. இதே எஞ்சினின் மறுபக்கத்தில் பெல்ட்டை மாற்றிப் போட்டால் தம்பியின் வட்ட ரம்பம் ஓடும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாது. அதனால் எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளைத் தனியாக எழுதவேண்டும்.

இப்போது குறை. பம்ப் 1,500 சுற்றுக்கு மேல் சுழன்றால்தான் சொன்ன எண்ணெயைத் தள்ளும். எஞ்சினோ 650. எனவே எஞ்சினில் 12 அங்குலப் புல்லி, பம்பில் 5 அங்குலப் புல்லி. 1,560 சுற்று கிடைக்கும். கணக்கு சரிதான். ஆனால் எங்களுக்கு முன் வைத்திருந்தவர் அந்த 5 அங்குலப் புல்லியை நேராகப் பம்பின் தண்டிலேயே மாட்டியிருந்தார். பெல்ட் இறுக இறுகத் தண்டைப் பக்கவாட்டில் இழுக்கும். இந்த வகைப் பம்புகளின் தண்டு சுழல்வதற்குத்தான் செய்யப்பட்டது, பக்கத்தில் இழுபடுவதற்கு அல்ல. எட்டாம் மாதம் பம்பின் முகத்தில் எண்ணெய் வியர்த்தது. எண்ணெய் கசியாமல் தண்டைச் சுற்றிப் பிடிக்கும் வளையமான சீலை மாற்றினோம். இரண்டு மாதம் கழித்து மறுபடி வியர்த்தது. மறுபடி சீல். மூன்றாம் முறை பட்டறை அண்ணன் பழைய சீலை விரலில் மாட்டி என் கண்முன் திருப்பிக் காட்டினார். ஒரு பக்கம் மட்டும் காகிதம்போல் தேய்ந்திருந்தது, எதிர்ப்பக்கம் புதிதுபோல் இருந்தது. "அம்மா, நீங்கள் சீலை மாற்றிக்கொண்டே இருக்கலாம். எனக்கு வருமானம்தான்" என்றார். பிறகு அவரே, இரண்டு பேரிங்குகளுக்கு நடுவில் தனித் தண்டு ஒன்றை வைத்து, புல்லியை அதில் மாட்டி, அந்தத் தண்டையும் பம்பையும் ரப்பர் வைத்த கப்ளிங்கால் இணைத்துக் கொடுத்தார். பக்க இழுப்பு முழுவதையும் அந்தப் பேரிங்குகள் வாங்கிக்கொள்ளும். பம்புக்குச் சுழற்சி மட்டும் போகும். ஐந்து வருடம் ஆகிறது. கிரீஸ் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பழைய இயந்திரத்தில் பம்புத் தண்டிலேயே புல்லி தொங்குவதைப் பார்த்தால், இந்த வேலைக்கான செலவையும் மனத்தில் சேர்த்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

நடந்த ஒரு விபத்தையும் சொல்லவேண்டும். இதில் இயந்திரத்தின் குற்றம் பாதி, எங்கள் குற்றம் பாதி. முதல் வருடம் தம்பி கட்டையை வைப்பான், நான் லீவரைத் தள்ளுவேன். அப்படிச் செய்தால் வேகம் என்று நினைத்தோம். ஒரு மாலையில் கோணலாக அறுபட்ட கட்டை ஒன்று சாய்ந்தது. அதை நேராக்க அவன் கையை நீட்டினான், நான் அதே நொடியில் தள்ளிவிட்டேன். லீவரை உடனே விட்டேன். விட்டால் அது நடுநிலைக்குத் தானாகத் திரும்பித் தண்டு நின்றிருக்க வேண்டும். உள்ளேயிருந்த ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்ததால் லீவர் பாதியிலேயே நின்றது, தண்டு ஊர்ந்துகொண்டே இருந்தது. நான் பின்னால் இழுப்பதற்குள் கையுறையின் நடுவிரல் கட்டைக்கும் தண்டின் தகட்டுக்கும் இடையில் தட்டையாகிவிட்டது. எலும்புக்கு ஒன்றும் இல்லை. நகம் கறுத்து விழுந்து புதிதாக முளைத்தது. லீவரின் ஸ்பிரிங் தளர்ந்திருப்பது எனக்கு ஒரு மாதமாகத் தெரியும். அடுத்த வாரம் மாற்றலாம், அடுத்த வாரம் மாற்றலாம் என்று தள்ளிக்கொண்டே போயிருந்தேன். மறுநாளே மாற்றினேன். அன்றிலிருந்து கட்டையை வைப்பவரே லீவரையும் பிடிக்கவேண்டும். இரண்டாவது ஆள் கையெட்டும் தூரத்தில் நிற்கக்கூடாது. புதிய இயந்திரங்கள் சிலவற்றில் இரண்டு கைகளாலும் இரண்டு லீவர்களைப் பிடித்தால்தான் தண்டு நகரும். பழையதில் எனக்கு உண்மையாகவே குறையாகப் படுவது இது ஒன்றுதான்.

ஹோஸ் கசிந்தால் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித்துளை அளவு ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகும், உடனே அறுவை சிகிச்சை செய்யவேண்டியிருக்கும். ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள், எண்ணெய் அதில் கோடு போடும். கசிவைச் சரிசெய்ய, எஞ்சினை நிறுத்திவிட்டு, லீவரை இருபுறமும் அசைத்து அழுத்தத்தை விடுவித்தபிறகுதான் ஸ்பேனர் வைக்கவேண்டும்.

எண்ணெயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொட்டியில் எட்டிப் பார்த்தால் தெளிவாக இருக்கவேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது. மழை நாட்களில் மூடியை மூட மறந்தால் ஆகும். எங்களுக்கு ஆகியிருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு இந்த இயந்திரம் சம்பாதித்துக் கொடுத்தது என்ன? நேரம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அம்மா கணக்கு நோட்டைப் புரட்டிவிட்டு இல்லை என்றாள். "இது மணிக்கணக்கை மிச்சம் பிடிக்கவில்லை. மாதக்கணக்கை மிச்சம் பிடிக்கிறது" என்றாள்.

அவள் சொன்னதை விளக்குகிறேன். அப்போது வெட்டிய மரத்தில் எடையில் பாதிவரை தண்ணீர் இருக்கும். நல்ல விறகு என்றால் ஈரம் 20 சதவீதத்துக்குள் இறங்கவேண்டும். 100 கிலோ பச்சை மரத்தில் 50 கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 20 சதவீதத்துக்கு வரும்போது எடை 62.5 கிலோவாகிவிடும். மீதி 37.5 கிலோவும் காற்றில் போகவேண்டிய தண்ணீர். அதைப் போகவிடாமல் எடைபோட்டு விற்பவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். வாங்கியவர் அடுப்பை ஊதி ஊதிக் கண்ணைக் கசக்குவார். விறகின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். இந்தத் தண்ணீர் பட்டை வழியாக அவ்வளவு எளிதில் வெளியேறாது. நார் ஓடும் திசையில், அதாவது அறுத்த முனைகள் வழியாக, குறுக்கே போவதைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு வேகத்தில் போகும். ஆகவே குட்டையாக அறுக்கவேண்டும், பட்டையைத் திறக்கும்படி பிளக்கவேண்டும். உருட்டாகவே கிடக்கும் கட்டை மாதங்கள் போனாலும் நடுவில் ஈரமாகத்தான் இருக்கும்.

முன்பெல்லாம் எங்களிடம் வந்த கவட்டையும் முண்டும் பிளக்க ஆள் இல்லாமல் ஓரமாகக் கிடக்கும். மழை வரும், பூஞ்சை பிடிக்கும், அடுத்த லோடு மேலே விழும். இப்போது வந்த வாரமே பிளந்து அட்டி அடுக்கிவிடுகிறோம். அடியில் கட்டை கொடுத்துத் தரையிலிருந்து தூக்கி, காற்று வரும் பக்கம் முனைகளைக் காட்டி, மேல் வரிசையில் மட்டும் பட்டை மேல்நோக்கி இருக்கும்படி. ஒவ்வோர் அட்டியிலும் அம்மா சுண்ணக்கட்டியால் தேதி எழுதிவிடுவாள். விற்குமுன் இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பாள். 'டங்' என்றால் வண்டிக்குப் போகும். 'தொப்' என்றால் அட்டிக்கே திரும்பும். ஈரமானி வாங்கித் தருகிறேன் என்று தம்பி சொன்னான். வாங்கியும் கொடுத்தான். அம்மா தட்டிப் பார்த்துச் சொன்னபிறகு, அவள் சொன்னது சரியா என்று பார்க்க அது பயன்படுகிறது. இதுவரை பெரும்பாலும் சரி.

பக்கவிளைவு ஒன்று இருக்கிறது. பிளந்த விறகு உருட்டைவிட அதிக இடம் கேட்கிறது. முன்பு பிளக்க ஆளில்லை என்று அலைந்தோம், இப்போது அடுக்க இடமில்லை. இயந்திரம் வாங்குமுன் கொட்டகையை அளந்து பார்க்கச் சொல்லி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதுகுவலியையும் இது தீர்க்கவில்லை. உத்திரம் என் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டையையும் அதுவரை தூக்கவேண்டும். தூக்கிக் கொடுக்கும் கை இதில் கிடையாது. பெரிய முண்டுகளுக்குச் சாய்வாக ஒரு பலகை போட்டு உருட்டி ஏற்றுகிறோம்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் மூன்றரை கொடுப்பேன். தகட்டுப் பொய்க்கு அரை, இரண்டு கைப் பாதுகாப்பு இல்லாததற்கு ஒன்று என்று கழித்தது. பழையதாக இருப்பதற்கு எதையும் கழிக்கவில்லை. வாங்கப் போகிறவர் எஞ்சினைச் சூடேற்றிவிட்டு, தண்டைப் பாதி நீட்டி, ஒரு கட்டையில் முட்ட வைத்து, முழு அழுத்தத்தில் சற்று நேரம் லீவரைப் பிடித்துப் பாருங்கள். சத்தம் நிலையாக இருக்கிறதா, ஹோஸ் எங்காவது புடைக்கிறதா, தண்டைச் சுற்றி எண்ணெய் வளையம் படிகிறதா என்று கவனியுங்கள். விற்பவர் "போதும் போதும்" என்று அவசரப்பட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

எங்கள் தண்டில் இப்போது மெல்லிய எண்ணெய் வளையம் படிய ஆரம்பித்திருக்கிறது. புதிய சீல்கள் வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை சிலிண்டரைக் கழற்றுகிறோம். ஸ்பேனர் இருக்கும் பெட்டியின் சாவியை அப்பா எங்கே வைத்தார் என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறோம்.